அத்தியாயம் 7: பூச்சுக்குள் புகும் மணம்

குன்னூர், கோத்தகிரி வட்டாரத்தில் எந்தத் தேயிலைத் தொழிற்சாலைக்குப் போனாலும், நொதிக்க வைக்கும் இடத்தில் டீ மேக்கர் செய்யும் வேலை ஒன்றுதான். கொழுந்தை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. உருளைகளிலிருந்து விழுந்து, செம்பு நிறத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கும் தூளில் ஒரு கைப்பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோவார். பச்சை இலை வாடை போய்விட்டதா, பூ மணம் எழுந்துவிட்டதா என்று பார்ப்பார். எழுந்த மணம் இறங்கத் தொடங்குவதற்குள் தூள் டிரையருக்குப் போயாக வேண்டும். முந்தினால் கோப்பையில் பச்சை வாடை நிற்கும். பிந்தினால் சாயம் இருக்கும், சுறுசுறுப்பு இருக்காது. 1963 முதல் நடந்துவரும் குன்னூர் ஏலத்தில் தேயிலையை ருசி பார்ப்பவர்கள் இந்த வித்தியாசத்தை ஒரே மடக்கில் சொல்லிவிடுவார்கள். விலையும் அங்கேயே தீர்மானமாகிவிடும்.

இந்த முடிவில் டீ மேக்கருக்குத் துணை நிற்க ஒரு கருவி செய்ய முடியுமா என்ற கேள்வி நம் நாட்டில் புதிதல்ல. கொல்கத்தாவின் சி-டாக் நிறுவனமும் யாதவ்பூர் பல்கலைக்கழகமும் சேர்ந்து, உலோக ஆக்சைடு உணரிகள் கொண்ட மின்னணு மூக்கு ஒன்றைத் தேயிலை நொதித்தலைக் கண்காணிக்கப் பயன்படுத்தின; அந்த ஆய்வு 2007இல் வெளியானது. பின்னர் குவார்ட்ஸ் படிகத்தின் மேல் மெல்லிய பூச்சிட்ட உணரிகளைக் கொண்டும் அங்கே தேயிலை மணத்தை ஆராய்ந்தார்கள். இந்த அத்தியாயம் இரண்டாவது வகையைப் பற்றியது. பூச்சிட்ட படிகம் மலிவானது, அறை வெப்பநிலையிலேயே வேலை செய்யும், மின்சாரமும் குறைவாகத்தான் கேட்கும். ஒரு பொறியியல் மாணவரோ தொழிற்சாலைப் பொறியாளரோ தாமே செய்துபார்க்கலாம்.

ஆனால் பூச்சுப் பொருளை வாங்குவதற்கு முன் காகிதத்தில் கணக்குப் போடுங்கள். பூச்சுக்குள் எந்த வாயு எவ்வளவு கரையும், எத்தனை விநாடியில் கரையும், அதில் எவ்வளவு மணம், எவ்வளவு தண்ணீர் என்பதெல்லாம் முன்கூட்டியே கணக்கிடக்கூடியவை. சமவெளி ஆய்வகத்தில் சரியாக ஓடும் கணக்கு, கடல்மட்டத்திலிருந்து 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூரில் அப்படியே ஓடாது. எங்கெங்கே மாற்ற வேண்டும் என்பதையும் இங்கே பார்ப்போம்.

பங்கீடு

வெண்ணெயை மூடாமல் நறுக்கிய வெங்காயத்தின் பக்கத்தில் வைத்தால் வெண்ணெய்க்குள் வெங்காய வாடை ஏறிவிடுகிறது. வாடை மேற்பரப்பில் ஒட்டிக்கொள்வதோடு நிற்பதில்லை, கொழுப்புக்குள்ளேயே கரைகிறது. உணரியின் மேல் இடும் ரப்பர் தன்மையுள்ள பாலிமர் படலத்திலும் நடப்பது இதுதான். காற்றில் இருக்கும் லினலூல், ஜெரனியால், மெத்தில் சாலிசிலேட் போன்ற மணப்பொருள்கள் படலத்துக்குள் கரைந்து, ஒரு சமநிலைக்கு வந்து நிற்கும். அந்தச் சமநிலையில், படலத்துக்குள் இருக்கும் செறிவைக் காற்றில் இருக்கும் செறிவால் வகுத்தால் கிடைப்பது பங்கீட்டுக் குணகம். அலகில்லாத வெறும் எண். இந்த அத்தியாயம் முழுவதும் இந்த ஒரு எண்ணைச் சுற்றித்தான்.

செறிவு குறைவாக இருக்கும் வரை இந்த எண் மாறாது. காற்றில் மணம் இரட்டிப்பானால் படலத்திலும் இரட்டிப்பாகும். தேயிலை அறையில் மணப்பொருள்கள் மிகக் குறைந்த அளவில்தான் மிதக்கின்றன என்பதால், நேர்க்கோட்டு உறவு என்று தைரியமாக எடுத்துக்கொள்ளலாம்.

குணகத்தின் மதிப்பை எங்கிருந்து பெறுவது? ஊகிக்க வேண்டியதில்லை. வாயு குரோமட்டோகிராஃப் உள்ள கல்லூரி ஒன்றை அணுகுங்கள். அந்தக் கருவியின் குழாய்க்குள்ளும் இதே போன்ற பாலிமர் படலம்தான் பூசப்பட்டிருக்கிறது. ஒரு பொருள் குழாயில் தங்கும் நேரத்திலிருந்து, தங்காமல் ஓடிவிடும் வாயுவின் நேரத்தைக் கழித்து, மீதியை அந்த ஓட்ட நேரத்தாலேயே வகுங்கள். வந்த எண்ணைக் குழாயின் கட்ட விகிதத்தால் (வாயு ஓடும் இடத்தின் கன அளவைப் படலத்தின் கன அளவால் வகுத்தது) பெருக்கினால் பங்கீட்டுக் குணகம் கிடைத்துவிடும். 0.25 மில்லிமீட்டர் உள்விட்டமும் 0.25 மைக்ரோமீட்டர் படலமும் கொண்ட சாதாரணக் குழாய்க்குக் கட்ட விகிதம் 250. நான்கைந்து வெவ்வேறு வெப்பநிலைகளில் அளந்து, குணகத்தின் மடக்கையைத் தனி வெப்பநிலையின் (கெல்வின்) தலைகீழுக்கு எதிராக வரைந்தால் ஒரு நேர்க்கோடு விழும். அதை அறை வெப்பநிலை வரை நீட்டிக்கொள்ளலாம். உணரிப் படலங்களின் பங்கீட்டுக் குணகத்தையும் குரோமட்டோகிராஃப் தரும் குணகத்தையும் ஒப்பிட்டு, 1988இல் ஜே கிரேட், மைக்கேல் ஏப்ரகாம் உள்ளிட்ட குழு வெளியிட்ட வேலை இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டது. எந்தப் பூச்சு எந்த ஆவியை விரும்பும் என்பதை மூலக்கூறின் அளவு, மின்முனைத் தன்மை, ஹைட்ரஜன் பிணைப்பைத் தரும் திறன், ஏற்கும் திறன் என்று பிரித்துக் கணிக்கும் முறையும் அதன் தொடர்ச்சியாக வளர்ந்தது.

நிறையிலிருந்து அதிர்வெண்ணுக்கு

குவார்ட்ஸ் படிகத்தின் மேல் நிறை ஏறினால் அதன் அதிர்வெண் இறங்கும். குந்தர் சாவர்ப்ரை 1959இல் கொடுத்த உறவு இன்னும் போதுமானது. 10 மெகாஹெர்ட்ஸ் படிகத்தில், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 4.42 நானோகிராம் ஏறினால் 1 ஹெர்ட்ஸ் இறங்கும். 5 மெகாஹெர்ட்ஸ் படிகத்தில் அதே 1 ஹெர்ட்ஸுக்கு 17.7 நானோகிராம் வேண்டும். அதிர்வெண்ணை இரட்டித்தால் உணர்திறன் நான்கு மடங்காகிறது. படிகமும் மெலிந்து, எளிதில் உடையும்.

இனி உண்மையான ஒரு நிலைமையைக் கணக்கிடுவோம். இடம் குன்னூர். வெப்பநிலை 22 டிகிரி. காற்றழுத்தம் ஏறத்தாழ 81 கிலோபாஸ்கல். காற்றில் லினலூல் 1 பி.பி.எம். பூச்சின் தடிமன் 1 மைக்ரோமீட்டர். பங்கீட்டுக் குணகம் 5,000 என்று வைத்துக்கொள்வோம்.

அந்த அழுத்தத்திலும் வெப்பநிலையிலும் ஒரு கனமீட்டர் காற்றில் 33 மோல் வாயு இருக்கும். அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு லினலூல். அதன் மூலக்கூறு எடை 154. ஆக, ஒரு கனமீட்டருக்கு 5.1 மில்லிகிராம். குணகத்தால் பெருக்கினால் படலத்துக்குள் கனமீட்டருக்கு 25 கிராம். படலத்தின் தடிமன் 1 மைக்ரோமீட்டர் என்பதால் சதுர சென்டிமீட்டருக்கு 2.5 நானோகிராம். அதிர்வெண் இறக்கம் ஏறத்தாழ 0.6 ஹெர்ட்ஸ்.

இந்த எண்ணின் முன் சற்று நில்லுங்கள். கையால் செய்த ஆசிலேட்டர் சும்மா இருக்கும்போதே சில நிமிடங்களில் 1 ஹெர்ட்ஸ் அலையக்கூடும். ஆக, இந்தப் பூச்சும் இந்தப் படிகமும் 1 பி.பி.எம். லினலூலைப் பிடிக்காது. ஒரு ரூபாய் செலவழிப்பதற்கு முன்பே இது தெரிந்துவிட்டது. இங்கிருந்து போகக்கூடிய வழிகள் சில உண்டு. லினலூலை இன்னும் அதிகம் விரும்பும் பூச்சைத் தேடலாம். டெனாக்ஸ் போன்ற பொருள் நிரப்பிய சிறு குழாயில் பத்து நிமிடக் காற்றை இழுத்து மணத்தைச் சேகரித்து, சூடாக்கி ஒரே வீச்சில் உணரிக்கு விடலாம். உயர்ந்த அதிர்வெண் படிகத்துக்கு மாறலாம். என் பரிந்துரை இரண்டாவது வழி. மற்ற வழிகளில் மணத்தோடு இரைச்சலும் தண்ணீரும் சேர்ந்தே பெருகும். டெனாக்ஸ் தண்ணீரைப் பெரிதாகப் பிடித்துவைப்பதில்லை, இந்த மலையில் அது ஒன்றே அதைத் தேர்ந்தெடுக்கப் போதுமான காரணம். ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒரு வாசிப்புதான் கிடைக்கும். நொதித்தல் ஒரு மணி நேரம் முன்பின் ஓடுகிறது என்றால் ஆறேழு புள்ளிகள். போக்கைப் பார்க்க அது போதும்.

தடிமனும் நேரமும்

பூச்சைத் தடிமனாக்கினால் என்ன என்று தோன்றும். 3 மைக்ரோமீட்டர் பூசினால் சமிக்ஞை மும்மடங்கு. ஆனால் மணம் அடிவரை ஊறும் நேரம் தடிமனின் வர்க்கத்தில் கூடுகிறது, ஒன்பது மடங்கு. அடோல்ஃப் ஃபிக் 1855இல் எழுதிய விரவல் சமன்பாட்டின் நேரடி விளைவு இது. கீழே குவார்ட்ஸ், மேலே காற்று என்ற நம் படலத்துக்கு, பாதி நிரம்ப ஆகும் நேரம் = 0.2 × தடிமனின் வர்க்கம் ÷ விரவல் குணகம்.

இந்தத் துறையில் விரவல் குணகத்தைச் சதுர மைக்ரோமீட்டரில் எழுதிக்கொள்வது வசதி. மிதமான ரப்பர் தன்மையுள்ள பூச்சு ஒன்றில் விநாடிக்கு 1 சதுர மைக்ரோமீட்டர் என்று கொண்டால், 1 மைக்ரோமீட்டர் படலம் 0.2 விநாடியில் பாதி நிரம்பும். சிலிக்கோன் ரப்பரில் இன்னும் வேகம். அறை வெப்பநிலையில் கண்ணாடி போல் இறுகி நிற்கும் பாலிமரில், உதாரணமாக 100 டிகிரி வாக்கில்தான் இளகத் தொடங்கும் பாலிஸ்டைரீனில், இந்தக் குணகம் பல ஆயிரம் மடங்கு சரியும். 0.001 என்று கொண்டால் அதே 1 மைக்ரோமீட்டர் படலம் பாதி நிரம்ப 200 விநாடி. 3 மைக்ரோமீட்டருக்கு அரை மணி நேரம். தூள் டிரையருக்குப் போன பிறகு வரும் செய்தி யாருக்கும் பயன்படாது. இறுகிய பாலிமரை இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம்.

படலம் வேகமாக இருந்தாலும் கருவி வேகமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. உணரி இருக்கும் அறையின் கொள்ளளவு 50 மில்லிலிட்டர், பம்பு நிமிடத்துக்கு 200 மில்லிலிட்டர் இழுக்கிறது என்றால், அறைக் காற்று மாறவே 15 விநாடி நேர மாறிலி. திரையில் அழகாக வளைந்து ஏறும் கோட்டைப் பார்த்து, படலத்தின் விரவல் குணகத்தைக் கண்டுபிடித்துவிட்டதாகப் பலர் எழுதிவிடுகிறார்கள். அவர்கள் அளந்தது அறையின் கொள்ளளவை. இன்னொன்றும் உண்டு. படலத்தின் மேல் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அசையாக் காற்று இருந்தால், மணம் அதைக் கடந்துதான் உள்ளே வர வேண்டும். குணகம் 5,000 என்றால் இந்தத் தாமதம் ஒரு விநாடிக்கும் குறைவு. குணகம் 50,000 என்றால் 7 விநாடி வரை போகும். பூச்சு எவ்வளவு ஆசையாக மணத்தை இழுக்கிறதோ, அவ்வளவு நேரம் அது நிரம்பக் காத்திருக்க வேண்டும். அழுத்தம் குறைந்த மலைக் காற்றில் ஆவிகள் சமவெளியைவிட ஏறத்தாழ கால் பங்கு வேகமாக விரவுவது இங்கே நமக்குக் கிடைக்கும் சிறிய சலுகை.

எனவே முதலில் மூன்று நேரங்களையும் தனித்தனியாக எழுதுங்கள்: படலம், அசையாக் காற்று, அறை. படலத்தின் நேரம் அறையின் நேரத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவென்றால் விரவல் சமன்பாட்டை முழுதாகத் தீர்க்கத் தேவையே இல்லை. படலம் அறைக் காற்றோடு எப்போதும் சமநிலையில் இருப்பதாக எடுத்துக்கொண்டு ஒரே வரிச் சமன்பாட்டில் முடித்துவிடலாம்.

தீர்க்கத்தான் வேண்டும் என்றால் எக்செல் தாளே போதும். படலத்தை 20 அடுக்காகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு நிரல் கொடுங்கள். ஒவ்வொரு வரிசையும் ஒரு நேரப் படி. ஓர் அடுக்கின் புதிய செறிவு என்பது, அதன் பழைய செறிவோடு 0.4 × (மேலடுக்கு + கீழடுக்கு − இரண்டு மடங்கு தன் செறிவு) சேர்ந்தது. அந்த 0.4 என்பது விரவல் குணகத்தை நேரப் படியால் பெருக்கி, அடுக்குத் தடிமனின் வர்க்கத்தால் வகுத்தது. நேரப் படியை அதற்கேற்ப அமைத்துக்கொள்ள வேண்டும். 0.5ஐத் தாண்டினால் எண்கள் பைத்தியம் பிடித்தது போல மேலும் கீழும் தாவும். காற்றைத் தொடும் மேற்பரப்பில் செறிவு = பங்கீட்டுக் குணகம் × அறைக் காற்றின் செறிவு. குவார்ட்ஸைத் தொடும் கடைசி அடுக்குக்குக் கீழடுக்காக அதையே வைத்துவிடுங்கள்; அந்த வழியில் எதுவும் வெளியேறாது.

தாள் சரியா என்று சோதிக்க மூன்று எண்களை மனத்தில் வையுங்கள். தடிமனின் வர்க்கத்தை விரவல் குணகத்தால் வகுத்தால் வரும் நேரத்தை ஒரு முழு அலகு என்று கொள்ளுங்கள். மேற்பரப்பில் செறிவு திடீரென்று ஏறி அப்படியே நிற்கும்போது, 0.05 அலகில் படலம் 25 சதவீதமும், 0.2 அலகில் 50 சதவீதமும், ஒரு முழு அலகில் 93 சதவீதமும் நிரம்பியிருக்க வேண்டும். இவற்றிலிருந்து ஓரிரு சதவீதத்துக்கு மேல் விலகினால் சூத்திரத்தில் எங்கோ பிழை இருக்கிறது.

மலை செய்யும் மாற்றங்கள்

முதலில் அழுத்தம். பி.பி.எம். என்பது விகிதம்; படலம் விகிதத்தைப் பார்ப்பதில்லை, ஒரு கனமீட்டரில் எத்தனை மூலக்கூறு என்பதைத்தான் பார்க்கிறது. 22 டிகிரியில் 1 பி.பி.எம். லினலூல் சென்னையில் கனமீட்டருக்கு 6.4 மில்லிகிராம், குன்னூரில் 5.1, ஊட்டியில் 4.8. சென்னையில் அளவீடு செய்த உணரி ஊட்டியில் கால் பங்கு குறைத்துக் காட்டுவதில் உணரியின் தவறு எதுவும் இல்லை. எல்லாக் கணக்கையும் மில்லிகிராமிலேயே வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் வராது. காற்றின் ஓட்டத்தைக் காட்டும் ரோட்டாமீட்டரையும் கவனியுங்கள். கடல்மட்டக் காற்றுக்குக் குறியிட்ட ரோட்டாமீட்டர் குன்னூரில் 100 என்று காட்டும்போது உண்மையில் ஏறத்தாழ 112 போகிறது. நீர்த்தல் விகிதத்தில் இந்தப் பிழை புகுந்தால், பிறகு குணகத்தில் அது ஒளிந்துகொள்ளும்.

அடுத்தது வெப்பநிலை. இதுதான் பெரிய விஷயம். கரையும்போது வெளியாகும் வெப்பம் மோலுக்கு 50 கிலோஜூல் என்று கொண்டால், பங்கீட்டுக் குணகம் ஒவ்வொரு டிகிரி குளிருக்கும் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது. 22 டிகிரியிலிருந்து 12 டிகிரிக்கு இறங்கினால் அது இரட்டிப்பாகிவிடும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் இரவுகளை நினைத்துப் பாருங்கள். கொழுந்து குறைவாகவும் மணம் அதிகமாகவும் இருக்கும் அந்தப் பருவத்துத் தேயிலைக்குத் தனி மதிப்பு உண்டு. அப்போது உணரி இரட்டிப்பாகக் காட்டுவது தேயிலையின் மணமா, காலைக் குளிரா? வெப்பநிலையைக் கட்டுப்படுத்தாத கருவியால் பதில் சொல்ல முடியாது.

தீர்வு எளிது, விலையும் உண்டு. உணரி அறையைச் சிறிய ஹீட்டரால் எப்போதும் 30 டிகிரியில் வையுங்கள். குணகம் 22 டிகிரியில் இருந்ததில் 58 சதவீதமாகக் குறையும். சமிக்ஞையில் நாற்பது சதவீதத்தை இழக்கிறோம். இழக்கலாம் என்றே சொல்வேன். நிலையாக நிற்கும் 0.3 ஹெர்ட்ஸ், ஆடிக்கொண்டே இருக்கும் 0.6 ஹெர்ட்ஸைவிட மதிப்பானது. இதோடு இன்னொரு லாபமும் சேருகிறது. 22 டிகிரியில் 95 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை 30 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு இறங்கிவிடும். படிகத்தின் மேல் நீர்த்துளி படியும் ஆபத்து நீங்கும்.

மூன்றாவது தண்ணீர். நொதிக்கும் அறையில் தூள் காய்ந்துவிடக் கூடாது என்பதற்காக ஈரப்பதத்தை வேண்டுமென்றே உயர்த்தி வைப்பார்கள். வெளியே தென்மேற்குப் பருவத்தில் கூடலூர்ப் பக்கமும், வடகிழக்குப் பருவத்தில் குன்னூர்ப் பக்கமும் மூடுபனி ஜன்னல் வழியே உள்ளே வரும். 22 டிகிரியில் நிறைவுற்ற காற்று கனமீட்டருக்கு 19.4 கிராம் நீராவி தாங்கும். நம் லினலூல் 5.1 மில்லிகிராம். தண்ணீர் ஏறத்தாழ 3,800 மடங்கு அதிகம்.

தண்ணீரை வெறுக்கும் சிலிக்கோன் பூச்சில் அதன் பங்கீட்டுக் குணகம் வெறும் 2 என்று வைத்தாலும், 95 சதவீத ஈரப்பதத்தில் படலத்துக்குள் கனமீட்டருக்கு 37 கிராம் தண்ணீர் இருக்கும். லினலூல் 25 கிராம். தண்ணீரே ஜெயிக்கிறது. நிலையாக இருந்தால் கழித்துவிடலாம். ஈரப்பதம் 5 புள்ளி ஏறி இறங்கினால் 2 கிராம்தான் மாறும். அது லினலூல் சமிக்ஞையில் 8 சதவீதம், சமாளிக்கலாம். இப்போது, லினலூலின் ஆல்கஹால் தொகுதியைப் பிடித்து இழுக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் போன்ற பூச்சை எடுங்கள். லினலூலின் குணகம் நான்கு மடங்கு உயர்ந்து 100 கிராம் கரைகிறது என்று வைப்போம். தண்ணீரின் குணகம் 200 ஆகிவிட்டால், அதே 5 புள்ளி ஈரப்பத மாற்றம் 190 கிராமைப் புரட்டிப்போடும். ஒருவர் கதவைத் திறந்து மூடியதற்கும் தேயிலையின் மணம் உச்சம் தொட்டதற்கும் வேறுபாடு தெரியாது. வறண்ட ஆய்வகத்தில் சிறந்து விளங்கும் மின்முனைத் தன்மையுள்ள பூச்சுகள் பல, இங்கே வந்து தோற்பது இதனால்தான். சமிக்ஞை குறைந்தாலும் பரவாயில்லை என்று தண்ணீரை விரும்பாத பூச்சுகளையே முதலில் எடுங்கள்.

காற்றை உலர்த்திவிட்டு உள்ளே விடலாமே என்று சிலிக்கா ஜெல் குழாயை முன்னால் மாட்டுபவர்கள் உண்டு. சிலிக்கா ஜெல் தண்ணீரை மட்டும் பிடிக்காது. லினலூலையும் ஜெரனியாலையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளும். அதைவிட நல்ல வழி, ஒப்பீட்டுக் காற்றை அதே நொதிக்கும் அறையிலிருந்து எடுத்து, ஊறிய கரி வழியே விடுவது. புதிய கரி முதலில் தண்ணீரையும் உறிஞ்சும் என்பதால், நொதிக்கும் அறையின் காற்றைச் சில மணி நேரம் அதன் வழியே ஓடவிட்டுச் சமநிலைக்குக் கொண்டுவாருங்கள். பிறகு மணம் கரியில் நின்றுவிடும். ஈரம் அப்படியே கடந்து வரும். உணரிக்கு இரண்டு நிமிடம் கரிக்காற்று, இரண்டு நிமிடம் தேயிலைக் காற்று என்று மாற்றி மாற்றிக் கொடுத்து வித்தியாசத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் தண்ணீரின் பெரும்பகுதி தானாகக் கழிந்துவிடும்.

வேற்று வாடைகளும் உண்டு. பல தொழிற்சாலைகளில் டிரையர் அடுப்புக்கு விறகுதான் எரிபொருள், யூகலிப்டஸ் கட்டைகளும் அதில் அடங்கும். அதன் தைலத்தின் முக்கியப் பொருளான சினியோல் எந்த ரப்பர் பூச்சிலும் நன்றாகவே கரையும். காற்றை இழுக்கும் குழாயை விறகுக் கிடங்கின் பக்கமோ டிரையரின் பக்கமோ திருப்பி வைக்காதீர்கள்.

பூச்சிடும்போது

பாலிமரை டொலுயினில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகக் கரைத்து, ஏர்பிரஷ் மூலம் மெல்ல மெல்லத் தூவுவது கைக்கு அடங்கிய முறை. புகைக்கூண்டுக்குள் செய்யுங்கள். பூசுவதற்கு முன் படிகத்தின் அதிர்வெண்ணைக் குறித்துக்கொண்டு, பூசி முற்றிலும் உலர்ந்த பின் மறுபடி அளந்தால் தடிமன் தெரிந்துவிடும். 10 மெகாஹெர்ட்ஸ் படிகத்தில், தண்ணீரை ஒத்த அடர்த்தியுள்ள பூச்சு 22.6 கிலோஹெர்ட்ஸ் இறக்கினால் அது 1 மைக்ரோமீட்டர். மென்மையான பூச்சில் இதற்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. தடித்த மென்படலம் படிகத்தோடு ஒட்டி ஆடாமல் பின்தங்கும். சாவர்ப்ரையின் உறவு அங்கே பொருந்தாது.

மூடுபனி நாளில் பூச்சிடாதீர்கள். கரைப்பான் ஆவியாகும்போது படிகம் குளிர்ந்து, காற்றின் ஈரம் நுண்துளிகளாகப் படலத்தின் மேல் படியும். உலர்ந்த பின் பார்த்தால் பளபளப்பு போய்ப் பால் நிறத்தில் மங்கி, உருப்பெருக்கியில் குழிகுழியாகத் தெரியும். சராசரித் தடிமன் 1 மைக்ரோமீட்டர் என்று காட்டினாலும், அரை மைக்ரோமீட்டர் பள்ளமும் இரண்டு மைக்ரோமீட்டர் மேடுமாக இருக்கும் படலத்தில் நிரம்பும் நேரம் இடத்துக்கு இடம் பதினாறு மடங்கு வேறுபடும். எந்தக் கணக்கும் அதற்கு ஒத்துவராது. மெல்லிய பூச்சுக் கலை இந்த மலைக்கு அந்நியமானதல்ல. 1960இல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலை ஊட்டியின் இந்து நகரில்தான் இயங்கியது. ஜெலட்டின் அடுக்குகளைச் சீராகப் பூசும் திறமை கொண்ட ஒரு தலைமுறை இங்கே வேலை செய்தது. ஆலை மூடப்பட்டபோது அந்தக் கைப்பழக்கமும் எழுதிவைக்கப்படாமலே கலைந்தது பெரிய இழப்பு. அங்கே வேலை பார்த்தவர் யாரையாவது தெரிந்தால் போய்ப் பேசுங்கள். ஈரக்காற்றில் பூச்சிடுவது பற்றி அவர்கள் சொல்வதைப் புத்தகங்களில் தேட முடியாது.

அளவீடு

குணகத்தை இறுதியாக உறுதிசெய்ய, தெரிந்த செறிவுள்ள ஆவி வேண்டும். 25 டிகிரியில் தூய லினலூலின் ஆவியழுத்தம் ஏறத்தாழ 21 பாஸ்கல். அதன் மேல் நிற்கும் காற்றில் கனமீட்டருக்கு 1.3 கிராம் இருக்கும். இந்த எண் சென்னையிலும் ஊட்டியிலும் ஒன்றே. அதை 250 மடங்கு நீர்க்கச் செய்தால் நம் 5 மில்லிகிராம். ஒரே செறிவில் நின்றுவிடாமல் நான்கைந்து செறிவுகளில் அளந்து, நேர்க்கோடு விழுகிறதா என்று பாருங்கள். மெத்தில் சாலிசிலேட்டுக்கு வேறெங்கும் அலைய வேண்டாம். ஊட்டிக் கடைகளில் விற்கும் வின்டர்கிரீன் தைலத்தின் பெரும்பகுதி அதுதான். முதற்கட்டச் சோதனைக்கு அது போதும், அளவீட்டுக்குத் தூய பொருளையே வாங்குங்கள்.

அளந்த குணகமும் குரோமட்டோகிராஃப் சொன்ன குணகமும் ஒன்றுக்கொன்று இரண்டு மடங்குக்குள் இருந்தால் மாடல் நல்ல நிலையில் இருக்கிறது. பத்து மடங்கு விலகினால் மாடலைத் திருத்தி எண்களைப் பொருத்தாதீர்கள். முதலில் பூச்சின் தடிமனையும், அடுத்து நீர்த்தல் விகிதத்தையும், பிறகு வெப்பநிலையையும் சரிபாருங்கள். பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் தவறு இருக்கும்.

பூச்சு மூப்படையும். தேயிலைத் தூசியும் அடுப்புப் புகையும் படிந்து, மாதங்கள் செல்லச் செல்லக் குணகம் நகரும். எனவே மாதம் ஒருமுறை தூய லினலூலால் ஒரு வாசிப்பு எடுத்து, தேதி, அழுத்தம், வெப்பநிலை, ஈரப்பதம் ஆகியவற்றோடு கணக்குத் தாளிலேயே எழுதிவையுங்கள். ஒரு பருவமழையையும் ஒரு பனிக்காலத்தையும் அதே தாள், அதே குணகங்களோடு கடந்துவந்த உணரியை மட்டும் டீ மேக்கரிடம் கொண்டுபோங்கள். அதுவரை அவர் மூக்கு சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் எண்களை ஒப்பிட அதைவிட நல்ல அளவுகோல் அந்தத் தொழிற்சாலையில் இல்லை.